வாசப்படி இல்லாத காட்டுக்கு

786
சூலியா தெரு, பினாங்கு
1934 ஏப்ரல்

என் அன்பு மருமகள் சலேஹாவுக்கு மாமா நாகூர் மீரான் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் இங்கே உன் உம்மா, உன் மாமி, நான், என் சாப்பாட்டுக் கடை, கடைப் பூனை எல்லோரும் சுகம். டர்பனில் நீயும் மாப்பிள்ளை கமாலும் நாங்கள் இன்னும் கண்ணால் காணாத சின்னவனும் அதே சுகத்தோடு இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். நாலு வேளைதான் என்று உன் மாமி சொல்வாள், நம்பாதே.

விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. உன் உம்மா கப்பல் ஏறச் சம்மதித்துவிட்டாள். உன்னைப் பார்க்க அல்ல, சிங்கம் பார்க்க. நீ என் மகன் ஜபருல்லாவைக் கட்டாமல் கமாலைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறிய அன்று துறைமுக ஜெட்டியில் நின்று, இவ வூட்டு வாசப்படிய இந்தக் காலு மிதிக்காது என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டாளே, அது எனக்காகப் போட்ட ஆணை. அண்ணனுக்குக் கொடுத்த வார்த்தை முறிந்துபோச்சே என்கிற ரோஷம். எனக்கோ அன்று அஸர் தொழுகைக்குள் கோபம் போய்விட்டது, ஜபருல்லாவுக்கு அதற்கும் முன்னாலேயே. அவன் இப்போது புக்கிட் மெர்தாஜாமில் பெண் எடுத்து, இரண்டு பிள்ளைக்கு வாப்பாவாகி, நாற்காலி கொள்ளாமல் பெருத்துக் கிடக்கிறான், சலேஹா தப்பிச்சா வாப்பா என்று அவனே சொல்லிச் சிரிக்கிறான். ஆனால் உன் உம்மாவிடம் யார் பேசுவது. பள்ளிவாசல் லெபை வந்து, பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டால் ஆணைக்குப் பரிகாரம் ஆகிவிடும் என்று பக்குவமாகத்தான் சொன்னார். அதற்கு அவள், நூறு பேருக்குப் போடுறேன், அது புண்ணியத்துக்கு, சொன்ன சொல்ல சோத்துல கரைக்க மாட்டேன்லா என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்போதுதான் பினாங்கில் வேறு யாருக்கும் இல்லாத என் மூளை வேலை செய்தது. வாசப்படியே இல்லாத இடத்தில் சந்தித்தால் ஆணை எங்கே முறியும், காட்டுக்கு ஏது வாசப்படி. கடையில் சாப்பிட வந்த கப்பல்காரர் ஒருவர் விட்டுப்போன ஆப்பிரிக்காப் படப் புத்தகத்தை அவள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். ஒட்டகச்சிவிங்கிப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். இது எப்புடிண்ணே குனிஞ்சு தண்ணி குடிக்கும் என்றாள். போனால் பார்க்கலாம் என்றேன். கொஞ்ச நாள் கழித்துத் தானாக வந்து, மிருகம் பாக்க வர்றேன், வேற யாரையும் பாக்க வரல என்றாள். சரி என்று சொல்லி முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றேன், நாடகக் கொட்டகைக்காரர்கள் என்னிடம் படிக்க வேண்டும்.

பயண வழியைக் கேள். ஜூலையில் வருகிறோம். அப்போதுதான் புல் காய்ந்து மிருகங்கள் தண்ணீருக்கு வரும், கொசுக் காய்ச்சலும் குறைவு என்று, நான் காரணம் சொல்லாமல் விசாரித்ததற்கு எழுதியிருந்தாய், நானும் அதையேதான் நினைத்து வைத்திருந்தேன். டர்பனில் இறங்கியதும் உன் வீட்டுப் பக்கமே திரும்பாமல் முதலில் சூலு நாட்டுக் காடு, அங்கே காண்டாமிருகம். அங்கிருந்து வடக்கே குரூகர் காடு, அங்கே சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும். பிறகு ரயில் பிடித்து விக்டோரியா அருவி, ஆற்றில் நீர்யானை, கரையில் யானை. கப்பல் கம்பெனியில் சீட்டு எழுதும் கிராணி நாகநாதனிடம் இதைக் காட்டினேன், புலியையும் சேர்த்திருந்தேன். அவர் யாழ்ப்பாணத்துப் படிப்பாளி அல்லவா, ஆபிரிக்காவிலை புலியே இல்லை அண்ணை என்று சிரித்தார். இருக்கலாம். நான் புக்கிட் மெர்தாஜாம் ரப்பர் தோட்டத்தில் குடையை விரித்து ஒரு புலியைக் கெடா வரைக்கும் விரட்டினேனே, சரியாக யோசித்தால் இரண்டு புலி, அதுபோல அங்கேயும் யாராவது விரட்டியிருப்பார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் உன் உம்மா ஒரு கேள்வி போட்டாள், எனக்கே வியர்த்துவிட்டது. யாரு கரேத்தாவுல போறோம் என்றாள். மாப்பிள்ளையின் மோட்டாரில் என்றேன். அதுல கால் வச்சு ஏற ஒரு பலகை இருக்கும்ல, அது அவ வூட்டுப் படிதானே என்றாள். வக்கீலாக வேண்டியவள் எனக்குத் தங்கையாகப் பிறந்துவிட்டாள். ஆகவே மோட்டார் வேண்டாம், கமால் காய்கறி ஏற்றுகிற லோரியைக் கொண்டு வரட்டும். பின்பலகையைத் திறந்து கீழே நான் இங்கிருந்து கொண்டு வருகிற தேயிலைப் பெட்டியைப் போடுகிறேன், பெட்டி என்னுடையது, ஆகவே படியும் என்னுடையது. சரி, பெட்டிய ஆடாமப் போடணும் என்றாள். வெள்ளைக்காரர் தங்குமிடங்களில் நமக்கு இடம் தர மாட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். அவர்கள் படியை மிதிக்க நமக்கும் ஆசை இல்லை, விடு. லோரி மேல் தார்ப்பாய் கட்டிப் பெண்கள் உள்ளே படுங்கள், நானும் மாப்பிள்ளையும் வெளியே. சிங்கம் வந்தால் என்னிடம் பேசிக்கொள்ளட்டும். மாப்பிள்ளை மட்டும் ஒரு நல்ல விளக்கும் கொஞ்சம் தடித்த கம்பும் எடுத்து வரட்டும், அவருடைய தைரியத்துக்கு.

இனி நான் சொல்வதை மனதில் வை, இதில்தான் எல்லாம் இருக்கிறது. துறைமுகத்தில் ஓடி வந்து கட்டிக்கொள்ளாதே, அழாதே, மன்னிப்புக் கேட்காதே. நாலு பேர் முன்னால் அவள் கண் கலங்கினால் போச்சு, அதே கப்பலில் திரும்பிப் போய் உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் இந்த ஜென்மத்தில் இறங்க மாட்டாள். ஸலாம் சொல், லோரி தயார் என்று சொல், ஒட்டகச்சிவிங்கியைப் பற்றிப் பேசு. சின்னவனை மட்டும் அவள் பக்கத்தில் உட்கார வை, இந்தா உன் பேரன் என்றெல்லாம் சொல்லி நீட்டாதே. காட்டுப் பாதை குண்டும் குழியுமாகத்தான் இருக்கும், லோரி குலுங்குகிற குலுக்கலில் பிள்ளை யார் மடியில் போய் விழுவான் என்று நான் கணக்குப் போட்டாயிற்று. கமாலிடம் மெதுவாக ஓட்ட வேண்டாம் என்று சொல்.

இன்று காலை கடைக்குக் கிளம்பும்போது உன் உம்மா கம்பளி நூலில் ஒரு சின்னக் குல்லா பின்னிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். நிமிரவே இல்லை. அங்க குளிருமாம்ல, குரங்குக் குட்டிக்கு என்றாள். எனக்கு இரண்டு நாளாக ஜலதோஷம், மூக்கைச் சிந்திக்கொண்டு கடைக்கு வந்துதான் இதை எழுதுகிறேன்.

ரப்புல் ஆலமீன் உனக்கும் மாப்பிள்ளைக்கும் சின்னவனுக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் தருவானாக. லோரிச் சக்கரங்களையும் அவனே காப்பானாக.

இப்படிக்கு,
உன் வாப்பா ஸ்தானத்தில் இருக்கும் மாமா,
நாகூர் மீரான்

மறந்துவிடாதே: ஒரு நூலை எடுத்துச் சின்னவன் தலையைச் சுற்றி அளந்து, உறைக்குள் வைத்து உடனே அனுப்பு. அளவு தெரியாமல் அந்தக் குல்லாவை இரண்டு முறை பிரித்துப் பின்னிவிட்டாள். குரங்கின் அளவு என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.