காது மெஷின் விளம்பரம்

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் பாதி நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று உன் கையால் ஒரு வரி எழுதினால்தான் மீதி நலமும் எங்களுக்கு வந்து சேரும். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிடு, பாதியில் மடித்து வைத்துவிடாதே.

வீட்டு விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். அம்மா மருந்துக் கடையில் பில் போடுகிற வேலைக்கு மத்தியானம் இரண்டு மணிக்குப் போகிறாள், முழங்காலுக்காகக் கொஞ்சம் உயரமான ஸ்டூல் கேட்டிருக்கிறாள், முதலாளி நாளைக்கு நாளைக்கு என்று இழுக்கிறார். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, நான் சரி செய்யவில்லை, அதுவாக நின்றது, அதனால் எப்போது உடைத்துக்கொண்டு கொட்டுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அப்புறம் என் மீசையை எடுத்துவிட்டேன். பல் அச்சு ஊற்றுகிற மாவு ஒட்டி இறுகிவிட்டது, வேறு வழியில்லை. முப்பது வருஷ மீசை. அம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்து, யாரு வேணும் உங்களுக்கு என்று கேட்டாள். நிஜமாகக் கேட்டாளா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை. உங்க மூக்கு இவ்வளவு பெரிசுன்னு தெரிஞ்சிருந்தா அப்பவே யோசிச்சிருப்பேன் என்று இரண்டு நாளாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

வேலையில் ஒரு கூத்து நடந்தது. நான் பல் செட் கட்டிக்கொடுக்கிற பல் டாக்டர் ஒரு புது அச்சு மாவு வாங்கிக் கொடுத்தார், சீக்கிரம் இறுகுகிற ரகம். எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிஷம் என்று பார்க்க, நீ விட்டுப்போன உன் பழைய போனில் வீடியோவைப் போட்டு மேஜையில் சாய்த்து வைத்துவிட்டு, கிண்ணத்தில் மாவைக் கலக்க ஆரம்பித்தேன். அந்த ஆள் தண்ணீர் அளவைச் சொல்ல வாயைத் திறந்தார் பார், டமார் என்று ஒரு விளம்பரம். இரண்டு கையிலும் மாவு. முழங்கையால் அழுத்தினேன், போகவில்லை. மூக்கால் அழுத்தினேன், இன்னொரு விளம்பரம் வந்தது. அது முடிந்து அவர் திரும்பி வருவதற்குள் கிண்ணத்தில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. அவசரத்தில் அந்த மாவையே அச்சில் அமுக்கப் பார்த்து, ஒரு அம்மாளுக்குப் பல் கட்ட டாக்டர் எடுத்து அனுப்பியிருந்த வாய் அளவும் வீணாகப் போயிற்று. பாவம், அந்த அம்மாள் மறுபடியும் டாக்டரிடம் போய் வாயைப் பிளந்துகொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

விளம்பரம் என்றதும் இன்னொன்று. இரண்டு மாதமாக அந்தப் போனில் என்ன பார்த்தாலும் காது மெஷின் விளம்பரம்தான். காதுக்குள் மறைகிறது, காதுக்குப் பின்னால் மாட்டுகிறது, வீட்டுக்கே வந்து சோதிக்கிறோம் என்று ஓயாமல் வந்தது. அம்மா அடுக்களையிலிருந்து தினமும், உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா என்று கத்துகிறாளே, அதை இந்தப் போன் ஒட்டுக்கேட்டுவிட்டது என்றே நினைத்தேன். அம்மாவுக்குக் குஷி தாங்கவில்லை. பாருங்க, போனுக்கே தெரிஞ்சுபோச்சு, நீங்கதான் ஒத்துக்க மாட்டேங்கறீங்க என்றாள். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம், பாப்பா. அதை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மா இப்போதுதான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அப்படி என்ன பக்கம் பக்கமா எழுதறீங்க என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இனிமேல் எழுதுவது உனக்கு மட்டும்.

மாவு கெட்ட மறுநாள் போன் கடைக்காரரிடம் போனேன். விளம்பரம் வராமல் வீடியோ பார்க்க என்ன வழி என்று கேட்டேன். நல்ல மனுஷன், ஸ்டூல் போட்டு உட்காரவைத்துச் சொன்னார். மாதாமாதம் பணம் கட்டினால் விளம்பரம் வராதாம், ஆனால் நாம் என்ன பார்க்கிறோம் என்று அவர்கள் குறித்து வைப்பது நிற்காதாம். விளம்பரத்தைத் தடுக்கிற பிரவுசர் ஒன்று இருக்கிறதாம், அதில் பார்க்கலாமாம். வேலைக்கு வேண்டிய வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு நெட்டை அணைத்துவிட்டும் பார்க்கலாமாம். எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது, யாரோ சிலர் சும்மா சேவையாகச் செய்து வைத்திருக்கிற ஒரு ஆப். அதே வீடியோக்கள்தான் வரும், பெயர் கேட்காது, அக்கவுண்ட் கேட்காது, விளம்பரம் கிடையாது, பார்த்ததை வெளியே யாருக்கும் சொல்லாது. அப்பப்போ நாலு நாள் படுத்துக்கும், புதுசா வந்ததும் மாத்திக்கணும், அவ்வளவுதான் என்றார். மாவு சொல்லிக்கொடுக்கிறவருக்கு விளம்பரக் காசு போய்விடுமே என்று கேட்டேன். அவ்வளவு பாசம்னா அவருக்கு நேராவே அனுப்புங்க என்று சிரித்தார்.

அதைப் போட்டுக்கொடுக்கும்போதுதான், சார், இது யாரோட அக்கவுண்ட் என்று கேட்டார். என் பெண்ணுடையது, இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது போனைக் கொடுத்துவிட்டுப் போனாள் என்றேன். அப்போ இதுல வர்றதெல்லாம் நீங்க பார்த்ததுக்காக மட்டும் இல்ல சார், அவங்க அங்க பார்க்கறதுக்கும் சேர்த்துத்தான் வரும் என்று சொல்லிவிட்டு, பார்த்ததெல்லாம் வரிசையாக இருக்கிற இடத்தைத் திறந்து காட்டினார். என் மாவு வீடியோ ஒன்று. அதற்கு மேலும் கீழும் நான் பார்க்காதவை. திடீரென்று ஒரு காது அடைத்தால் என்ன செய்வது. இரண்டு காதிலும் கேட்பது குறைந்தால். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பாடம், ஒன்று. அதே பாடம் ஒன்று, மறுநாளும், அதற்கு மறுநாளும். கடைக்காரர் என்னமோ சொல்லிக்கொண்டே இருந்தார், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. போனை வாங்கிக்கொண்டு குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பாப்பா, நீ எங்களோடு வாயால் பேசி ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. மீட்டிங், தலைவலி, சிக்னல் இல்லை என்று மெசேஜ் மட்டும்தான் வருகிறது. கடைசியாகப் பேசிய அன்று எப்போ வருவே என்று கேட்டேன், சரிப்பா என்றாய். அங்கே மழையா என்றேன், சரிப்பா என்றாய். வேலை செய்துகொண்டே பேசுகிறாள், அப்பன் பேச்சு இவளுக்கு இளப்பமாகப் போய்விட்டது என்று நான் பட்டென்று போனை வைத்தேன். அதை நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. அம்மாவும், மாறிட்டா உங்க பொண்ணு என்று இரண்டு நாள் முணுமுணுத்தாள்.

அதற்கப்புறம் நான் செய்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரு வாரம் தினமும் காலையில் காபி குடிக்கும் முன்னால் அந்த வரிசையைத் திறந்து நீ நேற்று என்ன பார்த்தாய் என்று பார்த்தேன். பாடம் நான்கு வரைக்கும் வந்திருக்கிறாய். வேலை செய்யும் இடத்தில் இதை எப்படிச் சொல்வது என்று ஒன்று பார்த்திருக்கிறாய். வீட்டில் எப்படிச் சொல்வது என்று நீ தேடவே இல்லை. எங்களிடம் சொல்வதாகவே இல்லையா, அல்லது அதற்கு வீடியோ வேண்டாம் என்று நினைத்தாயா, இதை வைத்துக்கொண்டு நான் படாத பாடு படுகிறேன். பெற்ற எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் காது மெஷின் விற்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் உன் பின்னாலேயே வருகிறான் என்று எனக்கு ஆத்திரம் வந்தது, அப்புறம் பார்த்தால் நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். அவனுக்காவது வியாபாரம். நேற்று கடைக்காரரிடம் போய் உன் அக்கவுண்டை இந்தப் போனிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். இனி நீ என்ன பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியாது. இன்று காலையில் கை தானாக அந்த இடத்துக்குப் போயிற்று, அங்கே ஒன்றும் இல்லை.

நீயும் அந்த மாதிரி ஆப் ஒன்றைப் போட்டுக்கொள். அக்கவுண்டில் பார்த்ததைக் குறித்து வைக்கிறதை நிறுத்தவும் ஒரு வழி இருக்கிறதாம், நிறுத்திவிடு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இதெல்லாம் பார்க்காதே, நீ யாரிடமோ எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் அந்த விளம்பரம் வந்து நிற்கும், நாலு பேர் கண்ணில் படும். யாரிடம் எப்போது சொல்வது என்பது உன் விருப்பமாக இருக்க வேண்டும். காது டாக்டரைப் பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு இப்போதே கிளம்பு. தெரிந்தவர் ஒருவருக்கு என்று சொல்லிப் பல் டாக்டரிடம் கேட்டேன். திடீர்னு வந்ததுன்னா ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்றார். நானோ ஐம்பது நாள் கழித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இதைச் சாதாரணத் தபாலில் போடாமல் விரைவுத் தபாலில் போடுகிறேன். மெசேஜில் கேட்டால் ஒன்னுமில்லப்பா என்று ஒரு வரியில் முடித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா.

மேலே மீசையைப் பற்றி எழுதினேனே, அது அம்மாவுக்குச் சொன்ன கதை. அவள் பக்கத்தில் இருந்ததால் அப்படியே எழுதினேன். மாவும் ஒட்டவில்லை, ஒன்றும் இல்லை. காது கேளாதவர்களோடு எப்படிப் பேசுவது என்று அந்தப் புது ஆப்பில்தான் தேடினேன். பழையதில் தேடினால் நீ பார்த்துவிடுவாய், அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்று ஒரு வீடியோவைப் பார்த்து நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான். வெளிச்சம் முகத்தில் விழ உட்கார வேண்டும், கத்தக் கூடாது, வாயைக் கோணக் கூடாது, மீசை உதட்டை மறைக்கும் என்று அதில் சொன்னார்கள். எழுந்து போய் எடுத்துவிட்டேன். ஊரார் வாயைப் பார்த்துத்தானே பல் கட்டுகிறேன், பெண் பார்க்க என் வாயைத் திறந்து வைக்க எனக்கு என்ன கஷ்டம்? ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன், அம்மா என்றாலும் அப்பா என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். அதில் நீ தடுமாறினால் பாடத்தில் மக்கு என்று நினைத்துக்கொள்ளாதே.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா, எது என்று நீயே முடிவு செய். ஆனால் ரொம்ப நாள் என்னால் தாங்க முடியாது, அவள் சிரிக்கிறபோதெல்லாம் எனக்குக் குற்றம் செய்கிற மாதிரி இருக்கிறது. நீ உடம்பாலும் மனதாலும் திடமாக இருக்க வேண்டும், எங்கள் ஆயுசில் பாதியைப் பிடுங்கிக்கொண்டாவது நன்றாக இரு. டாக்டர் எழுதிக்கொடுத்ததைப் படம் பிடித்து அனுப்ப மறக்காதே.

இந்தக் கடிதம் வந்து சேர்ந்த பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை பத்து மணிக்கு, வீடியோவில் வா. கிழக்கு ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பேன். உனக்குப் பேச இஷ்டம் இல்லை என்றால் பேச வேண்டாம், பார்த்தால் போதும். கண்ணாடி முன்னால் நின்று ஒரே ஒரு வாக்கியத்தை, சத்தம் போடாமல், நிறுத்தி நிதானமாகச் சொல்லப் பழகி வைத்திருக்கிறேன். என்ன வாக்கியம் என்று இங்கே எழுதமாட்டேன். என் உதட்டைப் பார்த்து நீதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மீசை இல்லாத உன் அப்பா