அரை அடி

என் பிள்ளையின் அம்மாவுக்கு,

மிச்சத் துணிகளை எடுக்க ஞாயிற்றுக்கிழமை வருகிறாய் என்று உன் தங்கை சொன்னாள். மடித்து வைத்துவிட்டேன்.

இன்று நடிப்பு வகுப்பில், பிள்ளையைப் பறிகொடுத்தவள் கணவனை அடிக்கும் காட்சி. கை வரும்போது அரை அடி பின்வாங்கச் சொன்னேன். கராத்தேயில் நான் கற்றது அதுதான். கணவனாக நடித்தவன் நகரவே இல்லை. நெஞ்சில் வாங்கிக்கொண்டான்.

“ஏன்டா விலகல?”

“அவ அப்படி அழுதுட்டு வர்றா சார். எப்படி விலகுறது?”

வகுப்பை அத்துடன் முடித்துவிட்டேன்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டர் சொல்லி முடித்ததும் நீ என்மேல் ஓங்கிய கை காற்றில் போனது. தடுமாறிச் சுவரைப் பிடித்தாய். நான் யோசித்து விலகவில்லை. இருபது வருடப் பழக்கத்தில் கால் தானாகப் பின்னால் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வா. நகராமல் நிற்கிறேன்.

அவனுடைய அப்பா