ஓட்டைக் கொடி

1996 நவம்பர் 17, ஞாயிறு

இன்று மனைவி மாலதியைக் கண்டபடி ஏசிவிட்டேன்.

என்னிடமுள்ள பதினொரு பழைய ஜேர்மன் கொடிகளில் ஒன்றுதான் எனக்கு உயிர். பேர்லின் சுவர் விழுந்த நாட்களில், கிழக்கு ஜேர்மன்காரர் யாரோ நடுவிலிருந்த அரசுச் சின்னத்தைக் கத்தரியால் வெட்டி எறிந்த கொடி. பேர்லினில் அகதியாக இருந்தபோது வாங்கி, ரொறன்ரோ வரை கொண்டுவந்தேன். அந்த ஓட்டைதான் அதன் சரித்திரம்.

மத்தியானம் கடைக்குப் போய் வந்து பார்த்தால், கறுப்பு, சிவப்பு, மஞ்சள் துணி ஒட்டுப்போட்டு ஓட்டையை மூடியிருந்தாள். தையல் ஃபக்டரியில் வேலை செய்பவள். தைத்த இடமே தெரியவில்லை.

"உனக்கென்ன விசரே?" என்று கத்தினேன். தையலைப் பிரிக்க பிளேட் எடுத்தேன்.

"ஓட்டையோடை இன்னொண்டை வீட்டுக்கை வைச்சுப் பாக்க என்னாலை ஏலாதப்பா," என்றாள். அழவில்லை.

அப்போதுதான் அவளுடைய அல்பத்திலிருக்கும் ஓட்டைப் படம் நினைவுக்கு வந்தது. ஊரில் ஆமி வீடு வீடாகச் சோதிக்க வந்த அன்று, இயக்கத்துக்குப் போன தன் தம்பியின் முகத்தைக் குடும்பப் படத்திலிருந்து அவளே வெட்டி அடுப்பில் போட்டாள். அவன் திரும்பி வரவில்லை.

பிளேட்டை வைத்துவிட்டேன்.

அவனுக்கு வேறு படமும் இல்லை.