வெட்டாத கோடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உனக்குச் சளி விட்டிருக்கும், வேளைக்குச் சாப்பிடுகிறாய், வேலை இடத்தில் தொந்தரவு ஒன்றும் இல்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறார். எனக்கு மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். காரணம் உப்பு இல்லை, உன் மாமா.

அன்றைக்கு நீ போனில் "விட்டுடும்மா, மாமாதானே" என்றாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீயும் நானும் வெயில், மழை, துணி காய்ந்ததா என்று பேசிக்கொண்டிருக்கிறோம், வானிலை அறிக்கை வாசிப்பவர்கள் மாதிரி. எனக்கு இது சரிப்படவில்லை. போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் முழுக்கப் படி. மாமா உனக்குச் சொன்னது அரைக் கதை, அதுவும் அவனுக்கு வசதியான அரை.

என் வேலை என்னவென்று உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். மலைச்சரிவில் இருக்கும் காடு முழுக்க அரசாங்கத்தின் காடு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் தனியார் காடு. பஸ் ஓட்டுகிறவருக்கு ஒரு துண்டு, தையல்கடைக்காரருக்கு ஒரு துண்டு, வெளியூர் போய் எட்டிப் பார்க்காத அண்ணன் தம்பிகளுக்கு ஒரு துண்டு. யார் காடாக இருந்தாலும் தீக்குத் தெரியாது. அவர்களிடம் போய் இதை வெட்டு, அதை நடு என்று உத்தரவு போட நான் நடத்தும் வனத்துறைத் தீத்தடுப்புத் திட்டத்துக்கு அதிகாரம் கிடையாது. வேண்டுமானால் இயந்திரம் தருகிறோம், ஆள் தருகிறோம், நாற்று தருகிறோம், பதிலுக்கு உங்கள் எல்லையில் தீத்தடுப்புக் கோடு வெட்டிச் சுத்தமாக வைத்திருங்கள் என்று கேட்கலாம், அவ்வளவுதான். கோடு என்றால் மரமும் புதரும் காய்ந்த இலையும் இல்லாத ஒரு பட்டை நிலம், தீ வந்தால் தின்ன ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே நின்றுவிடும். இதைச் சொல்லி ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் போய் உட்கார்ந்திருக்கிறேன். நிலத்தைப் பிடுங்க வந்திருக்கிறாள் என்று கதவைச் சாத்தியவர்கள் உண்டு, நாயை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. நாய்க்கடிக்கு நான் ஊசி போட்டுக்கொண்டு வந்த அன்று நீ சிரித்தாய், ஞாபகம் இருக்கும். அப்படி ஒருவர் பின் ஒருவராகச் சேர்த்துத்தான் அந்தச் சரிவு முழுக்க ஒரு கோடு வந்தது.

கடைசியாகச் சேர்ந்தவன் உன் மாமா. தாத்தா விட்டுப்போன பைன் காட்டில் அவன் பங்கு நடுச்சரிவில் இருக்கிறது, அது இல்லாவிட்டால் கோட்டில் ஓட்டை. சேர்ந்தான் என்றதும் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் தம்பியின் காட்டு வேலையை அக்கா மேற்பார்வை பார்ப்பது முறையில்லை என்று அவன் பொறுப்பை முழுக்க எங்கள் கள அலுவலரிடம் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். சட்டப்படி செய்யவேண்டியதும் அதுதான். உன் மாமா என்ன செய்தான் தெரியுமா, கோடு வெட்டக் கொடுத்த இயந்திரத்தையும் ஆட்களையும் வைத்து, மேலே கட்டுகிறானே விருந்தினர் விடுதி, அதற்குக் கார் போகப் பாதை போட்டுக்கொண்டான். பாதைக்காக வெட்டிய கிளைகளையும் நுனிகளையும் எங்கே கொட்டினான் என்று நினைக்கிறாய், கோடு வரவேண்டிய இடத்தில். கிளை எல்லாம் காய்ந்து அடுப்புச் சுள்ளி மாதிரி அடுக்கடுக்காகக் கிடந்திருக்கிறது. கள அலுவலர் ஒரு நாள் வந்தார், மாமா வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்தார், கோடு வெட்டியாயிற்று என்று அலுவலகத்தில் வந்து சொல்லிவிட்டார். வேலியே பயிரை மேய்ந்த கதையில்கூட வேலிக்குப் பக்கத்தில் யாரும் டீ குடிக்கவில்லை.

பிறகு தீ வந்தது. கீழே சாலையோரத்தில் தொடங்கியது, யார் சிகரெட்டோ யார் பாட்டிலோ தெரியவில்லை, அதற்கு மாமாவை நான் குற்றம் சொல்லவில்லை. மத்தியானக் காற்று, சரிவில் மேல்நோக்கி ஏறியது. தையல்கடைக்காரர் கோட்டில் நின்றது. பஸ் டிரைவர் கோட்டிலும் நின்றது. உன் மாமா அடுக்கி வைத்திருந்த குவியலில் ஏறி, அந்தப் பக்கம் குதித்தது. அந்தப் பக்கம் நர்ஸம்மா காடு. உனக்கு அம்மை போட்டபோது ஆஸ்பத்திரியில் உன்னை அதட்டி மருந்து குடிக்க வைத்தாரே, அவர்தான். புருஷன் போன பிறகு சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஓக் கன்றுகளாக நட்டு வளர்த்த காடு, நடுவில் தேன் பெட்டிகள். பணியிலிருந்து சீருடையோடு ஓடி வந்தவரைத் தீயணைப்பு ஆட்கள் சாலையிலேயே தடுத்து நிறுத்திவிட்டார்கள். கன்றுகள் அத்தனையும் போயின, பெட்டிகள் போயின. மாமாவின் பைன் மரங்கள் பெரியவை, அடிப்பட்டை கருகியதோடு தப்பித்தன. விடுதியின் கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது.

மறுநாள் காலை சாம்பல் ஆறுவதற்குள் நான் நடந்து பார்த்தேன். குவியல் எரிந்த அடையாளம் வரிசையாகத் தெரிந்தது, அதற்குப் பின்னால் வழுவழுவென்று கார்ப்பாதை. கள அலுவலரைக் கூப்பிட்டுக் கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டு "மேடம் வீட்டு ஆளாச்சேன்னு நம்பிட்டேன்" என்றார். என் வீட்டு ஆள் என்றால் நீங்கள் இரண்டு தடவை அல்லவா நடந்து பார்த்திருக்க வேண்டும், நான் ஒதுங்கியதே அதற்காகத்தானே என்றேன். "உங்க மனசு நோகுமேன்னுதான் மேடம்" என்றார். என் மனசைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவரை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை.

அவரைவிட மோசம் மேலதிகாரி. அறைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "காத்து பலமா இருந்துச்சுன்னு எழுதிடுங்க, பொய்யும் இல்லையே" என்றார். விஷயம் வெளியே போனால் திட்டத்துக்கே மூடுவிழா நடத்திவிடுவார்கள், நல்லபடியாகக் கோடு வெட்டிய மற்றவர்களுக்கும் உதவி நின்றுபோகும் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். முழுப் பொய்யாக இருந்தால் அங்கேயே தூக்கி எறிந்திருப்பேன். அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று "கூடப்பொறந்தவன ஊர் முன்னாடி நிறுத்தப் போறியாக்கா" என்று கேட்டான். நர்ஸம்மா காட்டைப் போய்ப் பார்த்தாயா என்றேன். "அதுக்கு நான் என்ன பண்ண முடியும், காத்து அப்படி" என்றான். மேலதிகாரி வாயும் இவன் வாயும் ஒரே காற்றை எப்படிப் பிடித்தன என்று எனக்கு வியப்பாக இருந்தது. அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து மேஜை விசிறி மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மாமா போனதும் உனக்குப் போன் போட்டிருக்கிறான், நீ எனக்குப் போட்டாய்.

நான் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். காட்டுக்காரர்கள் எல்லோரையும் நூலகத்தின் பின்கூடத்துக்கு வரச் சொல்லி வாயாலும் சொன்னேன். கோடு வெட்டப்படவில்லை, வெட்டாத இடம் என் தம்பியின் காடு, எங்கள் அலுவலகம் பார்க்காமலே பார்த்தோம் என்று சொன்னது, இன்றோடு அவனைத் திட்டத்திலிருந்து நீக்குகிறேன் என்றேன். சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம், நான் வெட்கத்தை எடுத்துக்கொண்டேன். மாமா கடைசி வரிசையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். நர்ஸம்மாவுக்காவது மனசு ஆறும் என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் எழுந்து என்னைத்தான் பிடித்தார். "அவர வெளிய தள்ளிட்டு நீங்க நிம்மதியா தூங்குவீங்க. எனக்குப் பக்கத்துக் காடு அப்பவும் அவரோடதுதான். திட்டத்துல இல்லாத ஆளுகிட்ட போயி வெட்டுன்னு உங்களால கேக்க முடியுமா? அடுத்த வெயிலுக்கு அங்க புதர் மண்டிக் கெடந்தா யாரு எரிவா, நீங்களா நானா? உங்க மானத்தக் காப்பாத்திக்கிட்டீங்க மேடம், என் காட்டக் காப்பாத்தல" என்றார். ஆயுசு முழுக்க இந்தத் திட்டத்தை நடத்துகிறேன், ஊர் முன்னால் சொந்தத் தம்பியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன், அதற்குக் கிடைத்த பாராட்டு இது. அன்று வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவியதில் ஒரு குழம்புச் சட்டியின் கைப்பிடி போயிற்று. அந்த அம்மாள் மேல் எத்தனை கோபப்பட்டாலும் அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தப்பு என்று காட்ட முடியவில்லை. அவனை நீக்கினால் அவனுக்கு என்ன நஷ்டம், பாதை போட்டாயிற்று. கோட்டில் ஓட்டைதான் மிச்சம். தண்டனை என்று நினைத்து அவனுக்கு விடுதலை கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

அதனால் மாமா வீட்டு வாசலில் போய் நின்றேன். உன் அத்தை கதவைப் பாதி திறந்து "அவரு தூங்குறாரு அண்ணி" என்றாள், உள்ளே தொலைக்காட்சி பேசிக்கொண்டிருந்தது. கதவைப் பார்த்தே அவனுக்குச் சொன்னேன். உன்னைத் திட்டத்தை விட்டு நீக்கவில்லை, ஓட நினைக்காதே. இனி எங்கள் இயந்திரம் கிடையாது, ஆள் கிடையாது. உன் கையால் வெட்டு. வெட்டியது சரியா என்று நாங்கள் பார்க்க மாட்டோம், அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர் நடந்து பார்த்துச் சொல்வார். தூங்குகிறவன் உள்ளேயிருந்து "அந்த நர்ஸ் வந்து எனக்கு மார்க்கு போடுவாளா" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வெட்டாவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது, அதை அவனிடம் சொல்லவில்லை.

சில நாள் சத்தமே இல்லை. பிறகு ஒரு காலையில் சரிவில் ரம்பச் சத்தம் கேட்கிறது என்று பஸ் டிரைவர் வந்து சொன்னார். மேல்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். உன் மாமா தனியாக வெட்டிக்கொண்டிருந்தான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பணி முடிந்த நர்ஸம்மா வந்தார், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார், காலால் ஒரு கிளையை எத்தி "இது பத்தாது, இன்னும் அகலம் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவன் ரம்பத்தைக் கீழே போடுவான் என்று நினைத்தேன். போடவில்லை. அடுத்த தடவை அவர் வந்தபோதும் நான் அங்கேதான் இருந்தேன், வேலை விஷயமாக என்று வைத்துக்கொள். மேல்பாதி முடிந்திருந்தது. நர்ஸம்மா நடந்து பார்த்து "இது சரி, கீழ்ப்பாதிய ஆரம்பிங்க" என்றார். அப்போது மாமா, மன்னிப்பு என்ற சொல்லை இதுவரை வாயில் எடுக்காதவன், "அந்தத் தேனீங்க திரும்பி வருமா" என்று கேட்டான். அவர் "எரிஞ்சது எப்படிங்க வரும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, நோயாளி வீட்டாரிடம் சொல்கிற மாதிரி சொன்னார். அவர் போன பிறகு உன் மாமா வெட்டிய மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான், நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள், ஆடியது. ஆனாலும் நான் இறங்கிப் போகவில்லை. போனால் ஆறுதல் சொல்லிவிடுவேன், சொன்னால் அவன் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான்.

கள அலுவலரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், அங்கேயாவது நடக்கட்டும். இனி சரிவு முழுக்க யார் கோட்டையும் அடுத்த காட்டுக்காரர் நடந்து பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொள்வது என்று மாற்றியிருக்கிறேன். மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை, அக்கம்பக்கத்தில் சண்டை வரும் என்கிறார். வரட்டும், தீ வருவதற்கு முன்னால் வரட்டும். திட்டம் அடுத்த வருஷம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. அப்பா எனக்குத் தெரியாமல் மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார், நடக்க முடியாத முழங்கால் அந்தச் சரிவில் மட்டும் எப்படி இறங்குகிறதோ. தெரியாத மாதிரி இருந்துகொண்டு நானும் சோறு கூடவே வடிக்கிறேன்.

இப்போது உனக்கு. விட்டுடும்மா என்றாயே, யாரை விடச் சொன்னாய் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா. மாமா உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவன், மறுக்கவில்லை. அந்தப் பாசத்தை வைத்து இன்னொருத்தி காட்டை எரித்ததற்கு உன்னிடம் கையெழுத்து வாங்கப் பார்த்தான், நீயும் போட்டுவிட்டாய். படித்து, தூர தேசம் போய், நாலு பேர் மதிக்கிற வேலையில் இருக்கிற என் மகள் முதலில் நர்ஸம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்க வேண்டும். அதுதான் எனக்கு ஆறவில்லை, மாமா செய்ததைவிட அதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடட்டும், உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் இருக்கட்டும், நீயும் அவர்களுக்கு நல்ல அண்டை வீட்டுக்காரியாக இரு. ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் போன் செய். ஆறுதல் சொல்லாதே, அம்மா அப்படித்தான் என்று சமாதானமும் சொல்லாதே. கீழ்ப்பாதி எதுவரை வந்திருக்கிறது என்று மட்டும் கேள்.

கோபம் தீராத
உன் அம்மா