கன்னடக் கதைப் பலகையில் கூடிப்போன கொக்கி

அனுப்புநர்:
கோ. ஏகநாதன், பெயிண்டர்,
தொழிலாளர் லைன் வீடுகள்,
மாரிகுப்பம், தங்கவயல்.

பெறுநர்:
உயர்திரு கல்வி அதிகாரி அவர்கள்,
ஆரம்பப் பள்ளிகள்.

பொருள்: பள்ளி நூலக அலமாரியின் பூட்டைத் திறந்துவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பள்ளியில் நடந்த கதைத் திருவிழாவன்று தாங்கள் படித்துக் கோபப்பட்ட பலகையை எழுதியவன் நான்தான். சுரங்கத்தில் எச்சரிக்கைப் பலகை எழுதுவது என் வேலை. மூன்றாம் வகுப்போடு நின்றவன். கன்னடம் பேசுவேன், எழுத்தைப் பார்த்து வரைவேன், படிக்க வராது.

2. தலைமையாசிரியை ஜெயசீலி அவர்கள் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று அலமாரியில் தட்டுக்கு ஒரு மொழி வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை கேட்டார். ‘கன்னட கதெ’ என்று சரியாகத்தான் எழுதிக் கொடுத்தார். கடைசி எழுத்து மொட்டையாக இருக்கிறதே என்று அதன் கீழே ஒரு கொக்கி போட்டது நான். அந்தக் கொக்கியால் ‘கதெ’ ‘கத்தெ’யாகி, கன்னடக் கதை கன்னடக் கழுதை ஆகிவிடும் என்று தெரியாது. பல பேரைக் கழுதை என்று கூப்பிட்டிருக்கிறேன். யாரையும் மொழி பார்த்துக் கூப்பிட்டதில்லை.

3. தங்கள் உத்தரவுப்படி அன்றே அலமாரி பூட்டப்பட்டது. பலகையைக் கழற்றிய பிறகும் பூட்டு அப்படியே இருக்கிறது.

4. என் மனைவி சகுந்தலா தெலுங்குக்காரர். எங்கள் மகள் சாரதா அந்த அலமாரியிலிருந்து கொண்டுவந்த தெலுங்குக் கதைப் புத்தகத்தைச் சகுந்தலா அவளுக்குப் பாதிவரை வாசித்துக் காட்டினார். கதையில் வியாபாரியின் மகள் ஆற்றைக் கடக்கப் படகில் ஏறுகிறாள். அதற்குள் சகுந்தலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாரதா தவணை தவறாமல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சகுந்தலா திரும்பி வரவில்லை. காரியம் முடிந்த வாரமே திருவிழா. புத்தகத்தை மறுபடி எடுக்கப் போனவள் வெறுங்கையோடு வந்தாள். நான் ஷிப்டுக்குப் போகிறேன், வருகிறேன். சோறு வேகிறது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

5. மீதிக் கதையை நானே சொல்லிப் பார்த்தேன். படகை ஊரிகம் ஸ்டேஷனில் நிறுத்தி அந்தப் பெண்ணை இறக்கினேன். “இன்னாப்பா நீ, ஆத்துல போனவ ரயில்லயா எறங்குவா? அம்மா கதைல ஸ்டேஷனே இல்ல. சும்மா இருப்பா” என்றாள் சாரதா. அதன் பிறகு சும்மாதான் இருக்கிறேன்.

6. சாரதாவுக்கும் தெலுங்கு படிக்க வராது. பக்கத்து வீட்டு வெங்கடம்மா மீதியை வாசித்துக் காட்டச் சம்மதித்திருக்கிறார். ஆகவே, அலமாரியைத் திறக்க உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். தலைமையாசிரியை மேல் நடவடிக்கை வேண்டாம். கழுதை என்னுடையது. படகில் ஏறிய பெண் கரை சேர்ந்தாளா என்று என் மகளுக்குத் தெரிய வேண்டும்.

இடம்: மாரிகுப்பம்
நாள்: 18.7.1966

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
கோ. ஏகநாதன்

இணைப்பு: கன்னடக் கதைப் பலகை ஒன்று, புதிது. கொக்கி இல்லை. வாசலில் காயும்போது வெங்கடம்மா வீட்டுக் கோழி மேலே நடந்துவிட்டது. கடைசி எழுத்துக்குப் பின்னால் இருப்பவை அதன் கால் தடங்கள். அவற்றை வாசிக்க வேண்டியதில்லை.