ஆறு மணி நேரம் பொறுக்காத வாய்

மார்ச் 4, செவ்வாய்

தீவிர சிகிச்சைப் பிரிவு நர்சுகளுக்கு வகுப்பு. உறுப்பு தான ஒருங்கிணைப்பாளராகப் பன்னிரண்டு வருடமாக ஒரே பாட்டு. மூளைச்சாவை உறுதிசெய்ய இரண்டு பரிசோதனை, நடுவில் ஆறு மணி நேரம். அதுவரை உறுப்பு தானம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. டாக்டர் இறப்பைச் சொல்லி, அது வீட்டாருக்கு உறைத்த பிறகுதான் கேட்க வேண்டும். "அவசரப்பட்டு முன்னாடியே கேட்டவங்க இருந்தா கை தூக்குங்க" என்றேன். வழக்கம்போல ஒரு கையும் எழவில்லை. எல்லோரும் உத்தமர்கள். அவர்கள் வாயால் 'முடியாது' என்றுவிட்ட குடும்பங்களின் கோப்பு என் மேசையில் தடித்துக்கொண்டே போகிறது.

பிறகு டயாலிசிஸ் பிரிவில் நோயாளிகளுக்குப் பேச்சு. அங்கே ஒரு தையல்காரர் நாலு வருடமாக சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிறார். என் பேச்சை என்னைவிட நன்றாக ஒப்பிப்பார். "அதெல்லாம் இருக்கட்டும்மா. ஏதாவது வந்துச்சா?"

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வீட்டில் சாப்பாடு. போன மாதம் என் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்ட உறுப்பு தான அட்டையை பர்சிலிருந்து எடுத்துக் காட்டினான். "கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் எடுத்துக்கோ. நாக்கை மட்டும் யாருக்கும் குடுத்துடாத, பாவம்." அண்ணி சிரிக்கவில்லை. "சாப்பிடறப்போ பேசற பேச்சா இது?" என்றாள். அட்டை இருந்தாலும் கடைசியில் கேட்பது வீட்டாரைத்தான் அண்ணி, உங்களைத்தான் கேட்பார்கள் என்றேன்.

மார்ச் 19, புதன்

அண்ணன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்துவிட்டான். தலையில் அடி, எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் கிடக்கிறான். ஹெல்மெட் வண்டியில் பத்திரமாக மாட்டியிருந்ததாம். முட்டாள். முட்டாள்.

மார்ச் 20, வியாழன்

என்னைப் பார்த்ததும் நர்சுகள் குரலைத் தாழ்த்துகிறார்கள். நான் சொல்லிக்கொடுத்த அதே குரல்.

மார்ச் 22, சனி

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

காலை ஒன்பதுக்கு முதல் பரிசோதனை. மூச்சு இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். நெஞ்சு அசையவில்லை; மறுபடி இயந்திரத்தைப் போட்டார்கள். இரண்டாவது மூன்று மணிக்கு. அதற்குப் பிறகு கேட்க வேண்டியவர் என் சக ஊழியர். நான் தங்கை. அழுவது மட்டும்தான் என் வேலை.

பன்னிரண்டு மணி இருக்கும். அண்ணி வெளியே பெஞ்சில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன சொல்றாங்க?" என்றாள். டாக்டர் மூன்று மணிக்குச் சொல்வார் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். நான் என்ன சொன்னேன்? "அண்ணி, அண்ணன் கையெழுத்து போட்டது ஞாபகம் இருக்கில்ல..."

அவள் கத்தவில்லை. "உங்கண்ணன் நெஞ்சு இன்னும் ஏறி இறங்குது. அதுக்குள்ள பங்கு போட வந்துட்டியா?"

மூன்றரைக்கு டாக்டர் இறப்பைச் சொன்னார். நேரம் விட்டு, என் சக ஊழியர் முறைப்படி உட்கார்ந்து, முறைப்படி கேட்டார். "முடியாது. அவதான் ஏற்கெனவே கேட்டுட்டாளே" என்றாள் அண்ணி.

ஏன் கேட்டேன்? ஏன்டி கேட்ட? யார் உன்னைக் கேக்கச் சொன்னா? பெஞ்சைப் பார்த்து நடந்தபோது என் தலைக்குள் அண்ணன் இல்லை. காத்திருப்போர் பட்டியல்தான் இருந்தது. அண்ணனை நினைத்திருந்தால் அழுதிருப்பேன். அழப் பயந்து வேலை பார்த்தேன்.

இன்று மயானத்தில் எல்லாம் எரிந்து முடிந்தது. எல்லாம் என்றால் எல்லாம்தான். கண், இதயம், கல்லீரல், இரண்டு சிறுநீரகம், ஒன்று பாக்கியில்லாமல்.

ஏப்ரல் 2, புதன்

வேலைக்குத் திரும்பினேன். "ஏதாவது வந்துச்சாம்மா?" என்றார் தையல்காரர். இல்லை என்றேன். வாசல்வரை வந்ததை நானே திருப்பி அனுப்பிவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 16, புதன்

கல்லூரியில் பேச்சு. முன்வரிசைப் பெண் எழுந்து கேட்டாள்: "மேடம், உங்க வீட்ல யாராவது தானம் பண்ணியிருக்காங்களா?"

ஊருக்குத்தான் உபதேசம். அடுத்த கேள்வி என்றேன்.

மே 13, செவ்வாய்

அண்ணி வந்தாள். அன்றைக்குப் பிறகு முதல் முறை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கைப்பையைத் திறந்து அண்ணனின் அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"அன்னைக்குக் காலையிலேயே அவர் பர்சுலேருந்து இதை எடுத்து வெச்சுக்கிட்டேன். டாக்டர் சொன்னதும் நானே உன் கையில குடுக்கணும்னு இருந்தேன். அவர் ஆசைதானே. நீ வந்து பக்கத்துல உக்காருவே, ரெண்டு பேரும் அழுவோம், அப்புறம் குடுக்கலாம்னு..."

நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதாவது.

"உன்மேல இருந்த கோவத்துல வேணாம்னுட்டேன். உனக்குக் குடுக்கற தண்டனைன்னு நெனச்சேன். அவர் கேட்ட ஒண்ணே ஒண்ணு, அதையும் செய்யாம அனுப்பிட்டேன்."

அழுதோம், அவள் அந்த நாற்காலியில், நான் இந்த நாற்காலியில். போகும்போது அட்டையை எடுத்துக்கொள்ளவில்லை.

மே 20, செவ்வாய்

புதிய நர்சுகளுக்கு வகுப்பு. இரண்டு பரிசோதனை, நடுவில் ஆறு மணி நேரம். அவசரப்பட்டு முன்னாடியே கேட்டவர்கள் கை தூக்குங்கள் என்றேன். யாரும் தூக்கவில்லை.

நான் தூக்கினேன்.