நீங்கள் சொன்ன ‘ஓம்’

என் ஆசை அண்ணைக்கு,

உங்களோடு கோபமாக இருக்கிறேன். “ஆளே இல்லை, ஆரோடை உந்தக் கோவம்?” என்று அண்ணி கேட்கிறா. நாலு மாதமாக இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி, ஊர்ப் புதினம். அச்சுவேலியில் நீங்கள் மெசின் திருத்துகிற கராச் பூட்டியே கிடக்கிறது. வெங்காயத்துக்குத் தண்ணீர் விடுகிற காலம் என்பதால், ஆட்கள் இன்னும் இறைப்பு மெசினைக் கொண்டுவந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். உங்கள் சின்னவள் சோதனைக்குப் படிக்கிறாள். உங்களைப் போலவே எதையும் சத்தம் போட்டுத்தான் செய்வாள்.

என் புதினம் இதுதான். ஆய்வறிக்கை எழுதி முடிந்துவிட்டது. ஆனால் அனுப்பவில்லை.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு ஏழு வாரம் கொடுக்கிற கதிர்ச் சிகிச்சையை நாலு கிழமைக்குள் கொடுத்து முடிக்கலாமா, நோயாளி அதைத் தாங்குவாரா என்பதுதானே என் ஆய்வு? ஏழு கிழமை நாள்தோறும் ஆசுபத்திரிக்கு வர முடியாமல் தோட்டக்காரர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று உங்களிடம் வந்து புலம்பியிருக்கிறேன். அப்போது உங்கள் தொண்டையில் ஒன்றும் இல்லை. “நாலு கிழமை எண்டால் நானும் வருவன்” என்று பகிடி விட்டீர்கள். இரண்டு வருடம் கழித்துத் தொண்டைப் புற்றோடு வந்தீர்கள்.

தங்கையின் ஆய்வில் அண்ணன் இருக்கக் கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நீங்கள் பக்கத்து அறை டொக்டரிடம் போய்க் கையெழுத்தும் வைத்துவிட்டு வந்து, “உன்னட்டைக் கேக்கேல்லைப் பிள்ளை, சொல்லுறன்” என்றீர்கள். உங்கள் சிகிச்சைக் கோப்பு எதையும் நான் தொடக் கூடாது என்று முடிவானது. தொடவில்லை. ஆனால் வேலை முடிந்து வரும்போது வீட்டுக்கு வந்து கேட்டேனே, ஒவ்வொரு நாளும்.

“சாப்பிட்டியளோ அண்ணை?”

“ஓம், சாப்பிட்டனான்.”

ஆசுபத்திரியில் தாதி கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான். ஆய்வுப் படிவத்தில் முதலில் ‘வாயால் உணவு உட்கொள்கிறீர்களா’ என்று இருந்தது. புத்தகத் தமிழுக்கு நோயாளிகள் முழிக்கிறார்கள், ‘சாப்பிடுறியளோ’ என்று கேளுங்கள் என்று மாற்றிவிட்டவள் நான். கெட்டிக்காரத்தனமாகச் செய்ததாக நினைத்தேன். எங்கள் ஊரில் அது ஒரு கேள்வியா, அண்ணை? வாசலுக்கு வந்தவரை உபசரிக்கிற வார்த்தை அல்லவா? பட்டினியோடு நிற்பவரும் ‘ஓம்’ என்றுதான் சொல்லுவார். ‘இல்லை’ என்றால் கேட்டவர் அடுப்பு மூட்ட வேண்டி வரும். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா?

நீங்கள் போன எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையலன்றுதான் எல்லாம் தெரியவந்தது. உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து இலையில் படைத்துக்கொண்டிருந்தோம். அண்ணி கணவாய்க் கறியை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டா.

“கடைசி ரெண்டு மாசமும் ஒரு பருக்கை இறங்கேல்லை, வதனி. கஞ்சித்தண்ணிதான். சோத்தைக் கோழிக்குப் போட்டிட்டுக் கோப்பையைக் கழுவி வைச்சிடுவார்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் உன்ரை ஆராய்ச்சி பழுதாப் போயிடுமாம். என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டார்.”

பிறகு உள்ளே போய் உங்கள் நீலக் காற்சட்டையை எடுத்துவந்தா. பொக்கற்றுக்குள் இரண்டு பெரிய ஸ்பானர்கள். நிறை பார்க்கிற நாட்களில் அதோடுதான் தராசில் ஏறியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு குசினிக்குள் போய்க் குளறி அழுதேன்.

ஒரே ஒரு தரம் “விழுங்கேலாமல் கிடக்கு” என்று சொல்லியிருந்தால் மூக்கால் குழாய் வைத்துச் சாப்பாடு கொடுத்திருப்போம். உடம்பில் பலம் இருந்திருந்தால் நெஞ்சில் இறங்கி உங்களைக் கொண்டுபோன சளியோடு கொஞ்சமாவது மல்லுக்கட்டியிருப்பீர்கள். தப்பியிருப்பீர்களா? டொக்டராக இருந்தும் எனக்குத் தெரியாது. அந்த ‘ஓம்’ எனக்காகச் சொன்னதா, வாய்ப்பழக்கத்தில் வந்ததா? எதுவானாலும் கேள்வியைக் கேட்டவள் நான்.

அட்டவணையைத் திறந்தால் கிட்டத்தட்ட எல்லா நோயாளி இலக்கத்துக்கும் நேரே ‘ஓம்’. உங்களுடையதும் அதற்குள் இருக்கிறது. இதை நம்பி வேறோர் ஊர் ஆசுபத்திரி இந்தச் சிகிச்சையைத் தொடங்கினால், அங்கேயும் ஒருவர் சோற்றைக் கோழிக்குப் போடுவார்.

போன கிழமை வட்டுக்கோட்டைக்குப் போனேன். ஆய்வில் இருக்கிற ஒரு புகையிலைத் தோட்டக்கார ஐயாவின் வீடு. படிவத்தில் அவருக்கும் ‘ஓம்’தான்.

“நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டியள் ஐயா? எவ்வளவு நேரம் எடுத்தது?”

அவர் தன் மனிசியைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். “உப்பிடி ஒருத்தரும் கேக்கேல்லைப் பிள்ளை” என்றார். மனிசி அழத் தொடங்கிவிட்டா. அடுத்த நாளே அவரைக் கூப்பிட்டுக் குழாய் வைத்தோம். தராசில் ஏறுவதற்கு முதல் மடியில் என்ன இருக்கிறதென்று கேட்டேன். அதற்கு என்னோடு கோபித்துக்கொண்டார்.

மெசின் கொண்டுவருகிறவர்களை நீங்கள் எப்படிக் கேட்பீர்கள் என்று அன்று பஸ்ஸில் வரும்போதுதான் நினைவு வந்தது. “ஓடுதோ எண்டு கேக்கேல்லை. வாய்க்காலிலை எவ்வளவு தண்ணி வருது?” என்று சத்தம் போடுவீர்கள். அதை ஒரு நாள் எனக்கும் சத்தம் போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?

ஆய்வுக்குப் பொறுப்பான பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இப்ப போய்க் கேள்வியை மாத்தினால் இவ்வளவு வருச வேலையும் வீணாப் போகும். யோசிச்சுச் செய்யுங்கோ” என்றார். யோசித்தேன். எல்லோரையும் திரும்பக் கேட்டால் நாலு கிழமைச் சிகிச்சை சரிவராது என்றே முடியலாம். பட்டினி கிடந்து நீங்கள் காப்பாற்றப் பார்த்த ஆய்வை நானே குழப்பப் போகிறேன். பயமாக இருக்கிறது. கோபிப்பீர்களா?

கோபித்தாலும் செய்யத்தான் போகிறேன். ஒரு வருடம் முடிகிற உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு முன்னம் ஒவ்வொரு வீட்டுப் படலையாகப் போய்த் தட்டுவேன். இருப்பவர்களைக் கேட்பேன். இல்லாதவர்களின் வீட்டு ஆட்களைக் கேட்பேன். என்ன சொல்கிறார்களோ அதைத்தான் எழுதுவேன்.

உங்கள் சிகிச்சைக் கோப்பை இப்போதும் நான் தொடக் கூடாது. அதனால் நாளைக் காலை பக்கத்து அறை டொக்டரிடம் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். சத்தியத்தை மீறுகிறேனே என்று அண்ணி இன்னும் அழுகிறா. ஆனாலும் வருவதாகச் சொல்லிவிட்டா. திருத்தி எழுதுகிற முதலாவது ‘இல்லை’ உங்கள் இலக்கத்துக்கு நேரேதான் விழும், அண்ணை.

உங்கள் ‘ஓமை’ நம்பிவிட்ட தங்கச்சி,
வதனி